சிங்கப்பூர் – நியூவர்க்: இரண்டு வெள்ளிக்கிழமைகள்

வியாழன் மாலை, தெம்பனிஸ், சிங்கப்பூர்

நியூஜெர்சி எடிசனில் இருக்கும் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அம்மா போன வாரமே திருச்சியிலிருந்து வந்துவிட்டார். அவரை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர், இங்கிருந்து என்னோடு நியூவர்க் என்று ஏற்பாடு.

பெரியப்பா போனில் சிரித்தார். "அமெரிக்கா மேற்கே இருக்கு. நீங்க கிழக்கே நாலு மணி நேரம் பறந்து வந்து அங்கேயிருந்து கிளம்புறீங்க. தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதைதான்." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மும்பையிலிருந்து நியூவர்க் 12,500 கிலோமீட்டர் சொச்சம்தான். சிங்கப்பூரிலிருந்து 15,344. இடையில் எங்கும் இறங்காத பயணிகள் விமானங்களில் தூரக் கணக்கில் இது உலகத்திலேயே இரண்டாவது. முதலிடமும் சிங்கப்பூருக்குத்தான்: இங்கிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம், 15,349 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே வெறும் 5 கிலோமீட்டர் வித்தியாசம். தெம்பனிஸிலிருந்து சாங்கி விமான நிலையம் போகும் தூரம்கூட இல்லை. திரும்பும்போது ஜேஎஃப்கேயிலிருந்து டிக்கெட் போட்டிருக்கிறேன். அதையும் பார்த்துவிடலாம்.

இந்த 15,344 எங்கிருந்து வருகிறது என்று மகன் கேட்டான். அவனுடைய உலக உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டோம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104இல் இருக்கிறது. நியூவர்க் மேற்குத் தீர்க்கரேகை 74. கூட்டினால் 178. அதாவது பூமியின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அப்படியானால் குறுக்குவழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேராக வடக்கே ஏறி, துருவத்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்குவதுதான். நூலைப் பிடித்தால் கையாலேயே தெரிகிறது. தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியாவில் பைக்கால் ஏரிப்பக்கம், வடதுருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள், அப்புறம் கனடா, மாண்ட்ரியல் பக்கமாக இறங்கி நியூவர்க்.

கணக்கும் சுலபம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.4 பாகை வடக்கே. துருவம் வரை 88.6 பாகை. நியூவர்க் 40.7 பாகையில், துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.3. மொத்தம் 137.9. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெருக்கினால் 15,340 பக்கம் வந்துவிடுகிறது. மகனுக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஆனால் இன்றிரவு எங்கள் விமானம் அந்த வழியில் போகப்போவதில்லை. இணையத்தில் இரண்டு ஊரின் பெயரைத் தட்டினால் தூரத்தை 900ஆல் வகுத்து 17 மணி நேரம் என்று சொல்லிவிடுவார்கள். டிக்கெட்டில் போட்டிருப்பதோ 18 மணி நேரம் 40 நிமிடத்தை ஒட்டி. ஓடுதளத்தில் ஊர்வது, ஏறுவது, இறங்க வரிசையில் நிற்பது எல்லாம் சேர்ந்தாலும் மிச்சம் ஒரு மணி நேரம் உதைக்கிறது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வெள்ளி காலை, எடிசன்

வந்து சேர்ந்தாயிற்று. அம்மா தூங்குகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

சாங்கியில் அம்மாவின் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே அட்டைப்பெட்டி, அதற்குள் பழைய செய்தித்தாளில் டஜன் டஜனாகச் சுற்றிய கண்ணாடி வளையல், திருச்சி சின்னக்கடை வீதியில் வாங்கியது. பச்சையும் சிவப்பும். பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று கையிலேயே வைத்திருந்தார். சோதித்த பெண் அதிகாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மலாய்க்காரர், நல்ல தமிழில் "கல்யாணமா?" என்றார். அம்மா வளைகாப்பு என்றால் என்ன என்று விளக்கத் தொடங்க, பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ரகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 7 இருக்கின்றன. சாதாரண ஏ350இல் முந்நூறு பேருக்கு அருகில் ஏற்றலாம். இதில் மொத்தமே 161 இருக்கை. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். முன்பக்கச் சரக்கு அறையைக்கூடப் பயன்படுத்துவதில்லை. நான்கு விமானிகள் மாறி மாறி ஓட்டுகிறார்கள்.

ஆளைக் குறைத்து எண்ணெயை ஏற்றும் இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. இதே சிங்கப்பூர்–நியூவர்க் சேவையை 2004இலேயே தொடங்கினார்கள், ஏ340-500 விமானத்தில். அதற்கு நான்கு என்ஜின். தொலைதூர விமானத்தின் தொல்லை என்னவென்றால், கடைசி ஐந்து மணி நேரத்துக்கான எண்ணெயை முதல் பதின்மூன்று மணி நேரமும் தூக்கிச் சுமக்க வேண்டும். அதைச் சுமக்கவே தனியாக எண்ணெய் எரிய வேண்டும். எண்ணெய் விலை ஏறியபோது நான்கு என்ஜின் கட்டுப்படியாகவில்லை. 2008இல் 100 பிசினஸ் இருக்கை மட்டும் என்று மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே என்ஜினில், எடை குறைந்த கார்பன் இழை உடலோடு இந்த ஏ350 வந்த பிறகு, 2018 அக்டோபர் 11ஆம் தேதி மறுபடி தொடங்கியது. ஜேஎஃப்கே சேவை 2020 நவம்பரில். ஊரே முடங்கிக் கிடந்த கொரோனாக் காலத்தில் உலகின் மிக நீண்ட தூர விமானச் சேவையைத் தொடங்கியது ஒரு விசித்திரம்தான்.

நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பினோம். அம்மாவுக்கு ஜன்னல். விளக்கை அணைத்ததும் எதிரே இருந்த திரையில் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அதுதான் சினிமா.

"ஏண்டா, நேரா மேலே போகும்னு பேரனுக்கு நூல் புடிச்சுக் காட்டினே. இவன் வலப்பக்கமா ஒடிக்கிறானே?"

ஒடித்துத்தான் போனது. தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ், தைவானுக்குக் கிழக்கே, ஜப்பான். ரஷ்ய வான்வெளியை 2022க்குப் பிறகு பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்று. ஜப்பானுக்கு மேலே, பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்திலும் மார்ச் மாதத்திலும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்கூட வீசும். அதற்குள் புகுந்துவிட்டால் விமானத்தின் சொந்த வேகம் 900. முதுகில் காற்று தள்ளும் வேகம் தனி. ஜப்பானைத் தாண்டியதும் திரையில் தரைவேகம் 1,080 என்று காட்டியது. சத்தத்திலோ ஆட்டத்திலோ எந்த வித்தியாசமும் இல்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

டிக்கெட்டில் உதைத்த அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனது 15,344 கிலோமீட்டர் இல்லை. ஜப்பான் வழி என்றாலே 16,000க்கு மேல் போய்விடுகிறது. கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல். ஆனால் காற்று தள்ளிவிடுவதால் நேரம் கட்டுப்படியாகிறது. ஆகவே இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு கேள்வி. முதலாவதை உருண்டையில் அளக்கலாம். இரண்டாவது அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்து விமான நிறுவனத்துக்காரர்கள் போடும் கணக்கு.

இனி அந்த வெள்ளிக்கிழமை விஷயம். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர். ஜப்பான் பக்கம் விடிந்தது. வெள்ளி. சாமி பெயரைச் சொல்லிவிட்டு, வெறும் பால் மட்டும் போதும் என்றார். பணிப்பெண் பழமும் கொண்டுவந்து கொடுத்தார். சில மணி நேரம் கழித்து, பசிபிக் நடுவே, சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டினோம். தாண்டியதும் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடுகிறது.

"இப்ப வியாழக்கிழமைம்மா."

"அப்ப நான் இருந்த விரதம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விடிந்து ஆறு மணி நேரம் ஆவதற்குள் அலாஸ்கா பக்கம் மறுபடி இருட்டிவிட்டது. அது வியாழக்கிழமை மாலை. கனடாவுக்கு மேலே நள்ளிரவு தாண்டி மறுபடி வெள்ளி. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இறங்கினப்புறம் வர்றதுதான் நிஜ வெள்ளிக்கிழமை. இப்ப சாப்பிடுறேன்" என்று முடிவுசெய்து, பையிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை எடுத்தார். சிங்கப்பூரில் என் மனைவி கட்டிக்கொடுத்தது. இந்தத் தீர்ப்பில் சாஸ்திரக் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் இந்தக் குழப்பம் ஆகாது. திருச்சி டாக்டர் எழுதிக் கொடுத்த நேர அட்டவணையை இந்திய நேரப்படியே வைத்துக்கொண்டோம். அம்மாவின் கைக்கடிகாரத்தை இன்னும் மாற்றவில்லை. அது திருச்சியில்தான் ஓடுகிறது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பின்கட்டு வரை நடக்க வையுங்கள். காலில் இறுக்கமான சாக்ஸ் போட்டுவிடுங்கள். அம்மா நடந்த நடையில் பின்பக்கச் சமையலறைப் பணிப்பெண்கள் இருவரின் குடும்ப விவரமும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நியூவர்க்கில் விடிவதற்கு முன்பே இறங்கிவிட்டோம். குடிநுழைவில் ஊறுகாய் பற்றிக் கேட்டார்கள். இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தோம். போகச் சொல்லிவிட்டார்கள். வளையல் ஒன்றுகூட உடையவில்லை.

ஞாயிறு இரவு, எடிசன்

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. ஆனால் நேரம் இங்கேயும் விடவில்லை.

அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3 ஆக்கிவிடுகிறார்கள். கோடைக்கால நேரம். இந்த வருஷம் அது வளைகாப்பு அன்றே வந்து விழுந்தது. பத்தரைக்கு வரச் சொன்னவர்களில் பாதிப் பேர் பதினொன்றரைக்கு வந்தார்கள். சுவர்க்கடிகாரம் பொய் சொல்லிவிட்டதாம். செல்போன் தானாக மாறியிருக்குமே என்று யாரும் கேட்கவில்லை. நம்மவர்கள் தாமதமாக வர அமெரிக்க அரசாங்கமே காரணம் சொல்லிக் கொடுக்கும் நாள் இது ஒன்றுதான்.

அம்மாவின் கவலை வேறு. "ஞாயித்துக்கிழமை நாலரை ஆறு ராகு காலம். கடிகாரத்தை மாத்தினா ராகு காலமும் மாறுமா?" ராகு காலம் சூரியோதயத்தை வைத்து வருவது, காலை 6 மணிக்கு உதயம் என்று எடுத்துக்கொண்டால்தான் நாலரை. இங்கே இன்று கடிகாரப்படி ஏழு மணிக்கு மேல்தான் உதயமே. மாப்பிள்ளை கோயிலில் கொடுத்த உள்ளூர் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் இந்த ஊர் நேரப்படியே போட்டிருந்தது. அம்மாவுக்கு அமெரிக்காவின் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

நேற்று வரை சிங்கப்பூருக்கும் இந்த ஊருக்கும் 13 மணி நேர வித்தியாசம். இன்றிலிருந்து சரியாக 12. என் முள் கடிகாரத்தை இனி மாற்றவே தேவையில்லை. அங்கே இரவு எட்டு, இங்கே காலை எட்டு. வெயிலைப் பார்த்தால் நியாயமாகச் சிங்கப்பூர் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டிய ஊர். 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை முன்னால் தள்ளிக்கொண்டது. அன்றிலிருந்து எங்களுக்கு வருஷம் பூராவும் காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது.

புதன், எடிசன்

எழுத ஒன்றுமில்லை. ஓக் ட்ரீ சாலையில் நடந்தேன். ரவை, முருங்கைக்காய், நல்லெண்ணெய், நெற்றிப்பொட்டு வரை எல்லாம் கிடைக்கிறது. அம்மா சுமந்துவந்த அப்பளக் கட்டு அதே பிராண்டில் அங்கே அடுக்கியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அம்மாவும் நானும் சமையலறையில் சந்தித்துக்கொள்கிறோம், இரண்டு பேருக்கும் பசி. பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் பழக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் ஆகும் என்பார்கள். எனக்குப் பழகும்போது கிளம்ப வேண்டியிருக்கும்.

சனி இரவு, ஜேஎஃப்கே

அம்மா பிரசவம் வரை இங்கேயே இருக்கிறார். நான் மட்டும் திரும்புகிறேன்.

மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், எல்லோருமாக. 1977 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கச் சுதந்திர நாளன்று, கும்பாபிஷேகம் ஆன கோயில். கீழ்த்தளத்தில் கேன்டீன். அர்ச்சனைக்கு நின்ற வரிசையைவிடத் தோசைக்கு நின்ற வரிசை நீளம். தோசை நன்றாகவே இருந்தது. சாம்பார்தான் கொஞ்சம் தித்திப்பு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுச் சட்னிக்கு மாறிவிட்டார். அங்கிருந்து விமான நிலையம் வேன் விக் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட நேர்க்கோடு. ஆனால் வண்டி நகரவில்லை. மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், உங்க பதினைந்தாயிரம் கிலோமீட்டரில் கஷ்டமான பகுதி இந்தப் பத்துப் பதினைந்துதான்."

இப்போது நாலாவது முனையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதுதான் பட்டியலில் முதலாவது, 15,349. பக்கத்தில் ஒருவர் வாசலில் ஊர்ப்பெயர்ப் பலகை தெரியும்படி நின்று செல்ஃபி எடுக்கிறார். ஐந்து கிலோமீட்டருக்கு இத்தனை கௌரவம்.

திங்கள், சிங்கப்பூர்

விடிவதற்கு முன்பே சாங்கி. சனி இரவு ஏறி, திங்கள் இறங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகாயத்தில் போய்விட்டது. போகும்போது கூடுதலாகக் கிடைத்த வெள்ளிக்கு இது பதில் செலவு.

வரும்போது பசிபிக் பக்கம் வரவில்லை. அதே ஜெட் ஸ்ட்ரீமை எதிர்த்துப் பறந்தால் கட்டுப்படியாகாது. அதனால் நியூயார்க்கிலிருந்தும் கிழக்கேதான்! அட்லாண்டிக், அயர்லாந்து, ஐரோப்பா, துருக்கி, காஸ்பியன் கடல். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு தடவையும் காற்று முதுகில்தான். ஆக மொத்தம் பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டேன். இஸ்தான்புல் பக்கமாக வருவதென்றால் 16,700 கிலோமீட்டர் பக்கம் ஆகிறது, குறுக்குவழியைவிட 1,300க்கு மேல் கூடுதல். எல்லா நாளும் இதே வழி என்று நினைத்துவிட வேண்டாம். காற்று மாறினால் வழியும் மாறும்.

இந்தத் தடவை கடைசி மூன்று வரிசையில் இடம் பிடித்தேன். விமானத்தின் வால்பக்கம் குறுகுவதால் அங்கே ஜன்னலோரம் ஒற்றை இருக்கைதான். பக்கத்தில் ஆளுக்குப் பதில் சாமான் வைக்க ஒரு பெட்டி. யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். தனியாகப் போகிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது இதை வாங்குங்கள். அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு முன்னால் இருக்கும் இரட்டை இருக்கைதான் சரி.

இந்தியாவுக்கு மேலே வரும்போது அங்கே இரவு பத்து மணி இருக்கும். கீழே விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. வரைபடத்தின் வலது ஓரத்தில் சென்னை, மதுரை என்று பெயர்கள். வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்த பிறகு தூங்கிவிட்டேன்.

சிலர் செலவு நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று ஜேஎஃப்கே போகும் விமானமும் உண்டு. நான்கைந்து மணி நேரம் கூடும், கட்டணம் பெரும்பாலும் குறையும். தனியாள், நல்ல முதுகு, அவசரமில்லை என்றால் அதில் போங்கள்; நடுவில் இறங்கிக் காலை நீட்டுவதும் சுகம்தான். பெரியவர்களோடு என்றால் நேர் விமானம். சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பது, மறுபடி சோதனை, மறுபடி வாசல் தேடுவது என்று எல்லாம் ஒரே தடவையோடு முடிந்துவிடும்.

அம்மா ஆகஸ்டில் திரும்ப வேண்டும். நியூவர்க்–மும்பை–திருச்சி என்று மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். தூரம் கம்மி, ஆனால் மும்பையில் முனையம் மாற வேண்டியிருக்கும். நான் இந்த வழியையே சொல்கிறேன். கோடையில் ஜெட் ஸ்ட்ரீம் வலு குறைந்து வடக்கே நகர்ந்துவிடும், அதற்கேற்ப வழியும் நேரமும் மாறலாம். ஜூன் வாக்கில் விலை பார்த்துவிட்டு முடிவுசெய்வதாகப் பேச்சு. அம்மாவிடம் கேட்டதற்கு, எதில் போனாலும் வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்கிறார்.